மானியமும் உலக வர்த்தக விதியும்: நெல்லைச் சீமை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி மானியம் பற்றியவை. வயல், தோட்டம், கடல், கூரை என்று இடம் மாறினாலும் கேட்பவர்களின் கவலை ஒன்றுதான்: உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் போடும் கையெழுத்தால் இங்கே கிடைப்பது நின்றுபோகுமா? வேளாண் பொருளியல், பாசனம், மீன்வளம், ஏற்றுமதி நடைமுறை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் போடுகிறேன். "உலக வர்த்தக அமைப்பு சொல்லியாச்சு, இனி நேரடி நெல் கொள்முதல் நிலையமே இருக்காது" என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
– நெல் விவசாயி, சேரன்மகாதேவி

உண்மையில்லை. அரசு நெல் வாங்கக் கூடாது என்று எந்த உலக விதியும் சொல்லவில்லை. அரசு தானே நிர்ணயித்த விலையில் வாங்கும்போது, அதில் எவ்வளவு தொகையை 'ஆதரவு' என்று கணக்கில் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. 1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தப்படி, வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் இந்த வகை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

சிக்கல் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. இன்றைய அரசு விலையை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுவதில்லை. 1986 முதல் 1988 வரையிலான சராசரி விலையோடு ஒப்பிடுகிறார்கள். அந்த அடிப்படை விலை அரிசிக்கு டன்னுக்கு 3,520 ரூபாய். 2025-26-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நெல்லில் 67 சதவீதம் அரிசி விழும் என்று வைத்தால், டன் அரிசிக்கு ஏறத்தாழ 35,360 ரூபாய் ஆகிறது. பத்து மடங்கு! டீசல், கூலி, உரம் எல்லாம் ஏறியதை அந்த 3,520 கண்டுகொள்வதே இல்லை. இந்தியா டாலரில் கணக்குக் கொடுப்பதால் (அடிப்படை விலை டன்னுக்கு 262.51 டாலர்) இடைவெளி ஓரளவு சுருங்குகிறது, அவ்வளவே.

அப்படியும் 2018-19-ல் வரம்பு தாண்டியது. அந்த ஆண்டு அரிசி உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர் என்று இந்தியா தெரிவித்தது. கைகொடுத்தது 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி'. உணவுப் பாதுகாப்புக்காக வாங்கிச் சேமிக்கும் திட்டத்தில் 10 சதவீதம் தாண்டினாலும் வளரும் நாட்டின் மீது வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். நிரந்தரத் தீர்வு வரும்வரை அது தொடரும் என்று 2014 நவம்பரில் உறுதியானது. அந்த மாநாட்டுக்கு முன்பே இருந்த திட்டமாக இருக்க வேண்டும், கணக்கை ஒழுங்காகத் தெரிவிக்க வேண்டும், சேமித்த தானியம் உலகச் சந்தையைக் குலைக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு. தமிழக அரசு கூடுதலாகத் தரும் ஊக்கத்தொகையும் விதிப்படி இந்தக் கணக்குக்குள்தான் வரும். மாநில அரசு தருவது தனி என்று ஒதுக்க முடியாது. இந்தியா கேட்கும் நிரந்தரத் தீர்வில் முக்கியமானது அந்தப் பழைய அடிப்படை விலையைத் திருத்துவது. நியாயமான கோரிக்கை அது.

உங்கள் பணம் கரைவது ஜெனீவாவில் இல்லை, களத்தில். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கல், மண் 1 சதவீதம், தூசி, வைக்கோல் 1 சதவீதம், சுருங்கிய, முதிராத மணி 3 சதவீதம், சேதமான, நிறம் மாறிய, முளைத்த மணி 5 சதவீதம் என்பவை உச்ச வரம்புகள். கார் அறுவடை பல ஆண்டுகளில் வடகிழக்கு மழையின் வாசலில் வந்து நிற்பதால் ஈரப்பதம் 20-ஐத் தொடுவது சகஜம்.

காயவைத்தால் எடை போய்விடுமே என்று பலரும் பச்சையாகவே விற்றுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவந்தால் 96.4 கிலோ நிற்கும். இழப்பு 3.6 கிலோ. மாநில ஊக்கத்தொகை சேர்ந்து 2025-26-ல் போலச் சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய் என்றால், காய்ந்த நெல்லுக்குக் கையில் வருவது சுமார் 2,410 ரூபாய். வியாபாரி ஈர நெல்லைக் குவிண்டால் என்ன விலைக்குக் கேட்கிறார் என்று பாருங்கள். 2,410-ல் இருந்து காயவைக்கும் கூலியைக் கழித்த பிறகும் அவர் சொல்வது குறைவாக இருந்தால் காயப்போடுவதே மேல். தார்ப்பாயில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் சிமெண்ட் களத்திலும் தார்ச்சாலையிலும் மெலிதாகப் பரப்பினால் மணி விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகும்.

இன்னொன்று: அம்பை 16 குண்டு ரகம். அதற்குச் சாதாரண ரக விலைதான், சன்ன ரகத்துக்கான விலை (2025-26-ல் 2,545) கிடைக்காது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை அறுவடைக்கு முந்தைய வாரம் சரிசெய்ய முடியாது.

கேள்வி: யூரியா மானியத்தை நிறுத்தச் சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் நெருக்குகிறார்களாமே?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

உர மானியத்துக்கு வேளாண்மை ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. வளரும் நாடுகளில் வருமானமும் வசதியும் குறைந்த விவசாயிகளுக்குத் தரும் இடுபொருள் மானியத்துக்கு வரம்பே இல்லை என்கிறது அதன் 6.2 பிரிவு. நாட்டின் நிலவுடைமைகளில் 99.43 சதவீதம் 10 எக்டேருக்கு உட்பட்டவை என்று காட்டி, உரம், மின்சாரம், பாசன மானியங்களை இந்தப் பிரிவில்தான் இந்தியா கணக்குக் கொடுக்கிறது. மற்ற நாடுகள் கேள்வி கேட்கின்றன. கேட்பதால் மட்டும் மானியம் நிற்காது.

இந்த மானியம் தரப்படும் விதம் நம் மண்ணைக் கெடுக்கிறது என்பதுதான் எங்கள் பெரிய கவலை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2018-ல் இருந்து விலை அசையவில்லை. டி.ஏ.பி. 50 கிலோ 1,350 ரூபாய். பொட்டாஷுக்கு இப்படிக் கட்டிப்போட்ட விலை இல்லை. கை தானாக மலிவான மூட்டைக்குப் போகிறது. யூரியா தரும் தழைச்சத்து ஏறுகிறது, பொட்டாஷ் தரும் சாம்பல் சத்து விடுபடுகிறது.

குறுகிய கால நெல்லுக்கு, காவிரிப் படுகையும் கோவையும் தவிர்த்த மாவட்டங்களில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 120:40:40 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. ஏக்கருக்கு 48:16:16. மூட்டைக் கணக்கில் டி.ஏ.பி. 35 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா சுமார் 90 கிலோ. சரியாக இரண்டு மூட்டை யூரியா. அடியுரமாக டி.ஏ.பி.யோடு 12 கிலோ, பிறகு தூர் கட்டும்போது 26, குருத்தில் கதிர் உருவாகும்போது 26, கதிர் வெளிவரும்போது 26. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி கூட்டிக் குறைக்கலாம். நான்கு மூட்டை கொட்டுகிறவர் வயல் முதலில் கரும்பச்சையாக அழகாகத்தான் நிற்கும். பிறகு புகையானும் குலைநோயும் தேடி வரும், மழைக்காற்றில் பயிர் சாய்ந்துவிடும்.

நம் ஆற்றுப்பாசனத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மடை வழியாக வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடத்தில் யூரியா போட்டு மடையை அடைக்காமல் விட்டால் உங்கள் மூட்டை கீழ்வயலுக்குப் போகும், அங்கிருந்து குளத்துக்குப் போகும். குளத்தில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரை வடித்து, சேறு தெரிகிற ஈரத்தில் போட்டு, இரண்டு நாள் மடையை மூடி வையுங்கள். இலையின் பச்சை நிறத்தை எண் போட்டுக் காட்டும் இலை வண்ண அட்டை வாங்கி, நட்ட இரண்டு வாரத்தில் இருந்து வாரம் ஒருமுறை பத்து இலைகளை ஒப்பிடுங்கள். ஆறு இலையாவது 4-ஆம் எண் நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் அடுத்த தவணை.

கேள்வி: நூறு சதவீத மானியத்தில் வாழைக்குச் சொட்டுநீர் போட்டோம். இரண்டே வருடத்தில் பாதி சொட்டுவான் அடைத்துக்கொண்டது. மறுபடி மானியம் கிடைக்குமா? இப்படி முழு மானியம் தருவதை உலக விதி அனுமதிக்கிறதா?
– ஏத்தன் வாழை விவசாயி, ஏர்வாடி

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். அனுமதிக்கிறது. வளரும் நாடுகளில் விவசாயத்துக்குப் பொதுவாகத் தரும் முதலீட்டு மானியமும் அதே 6.2 பிரிவில் வருகிறது. தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். அதே நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி. பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அடைப்பு எதனால் என்று பாருங்கள். அடைத்த சொட்டுவான் ஒன்றைக் கழற்றி வினிகரில் போடுங்கள். நுரைத்து வந்தால் சுண்ணாம்பு உப்பு. ஏர்வாடி, நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கடின நீர்க் கிணறுகளில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். விரலில் வழுவழுவென்று பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டினால் பாசி. நறநறவென்றால் மண், அதாவது வடிகட்டி வேலை செய்யவில்லை.

உப்புக்கு அமில சிகிச்சை. முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 4 காட்டும்வரை எத்தனை மில்லி பிடிக்கிறது என்று குறியுங்கள். 10 லிட்டருக்கு 10 மில்லி பிடித்தால் 1,000 லிட்டருக்கு ஒரு லிட்டர். அந்த அளவில் உரத் தொட்டி அல்லது வென்ச்சுரி (கரைசலை உறிஞ்சிக் குழாய்க்குள் விடும் கருவி) வழியாகச் செலுத்துங்கள். கடைசி பக்கக் குழாயின் முனையிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விட்டு, முனைகளை எல்லாம் திறந்து வெள்ளை நீர் தெளியும்வரை கழுவுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படும், ஆனால் அமிலமும் அதுவும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் சேரவே கூடாது. விஷவாயு கிளம்பும்.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் அன்றே கழுவுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய் முனைகளைத் திறந்துவிடுங்கள். டி.ஏ.பி.யைக் கரைத்து விடாதீர்கள், முழுதும் கரையும் உரம் மட்டும். கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு கலந்தால் தொட்டியிலேயே உறைந்து குழாய்க்குள் போய் உட்காரும்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடும் முன், முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசைச் சொட்டுவான்களுக்கு அடியில் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும் பாத்திரம் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் தர வேண்டும். முதலுக்கும் கடைசிக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாய் விட்டமோ அழுத்தமோ தவறு. கையெழுத்துக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தே பாருங்கள்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சொட்டுநீர் போட்டதால் மட்டும் நிலத்தடி நீர் மிஞ்சாது. வாழைக்கு நட்டது முதல் நான்காம் மாதம் வரை கன்றுக்கு நாளுக்கு 15 லிட்டர், ஐந்தாம் மாதம் முதல் குலை தள்ளும் வரை 20, அதன்பிறகு 25 போதும். கன்றுக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு இருந்தால் சுமார் இரண்டு மணியில் இருந்து மூன்று மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரம். மின்சாரம் இலவசம் என்பதால் கரண்ட் இருக்கும்வரை ஓடட்டும் என்று விட்டாலோ, மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் கூட்டினாலோ, கிணறு பழையபடியே இறங்கும். மோட்டாருக்கு ஒரு டைமர் வாங்கிப் பொருத்துங்கள்.

கேள்வி: 'மானியம்' என்பதற்கு உலக வர்த்தக அமைப்பின் வரையறை என்ன? சுற்றுச்சூழலுக்காகத் தரும் உதவிக்குத் தனி இடம் உண்டா?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

அரசின் நிதி உதவி இருக்க வேண்டும். அதனால் ஒருவருக்கு நன்மை கிடைக்க வேண்டும். அது குறிப்பிட்ட தொழிலுக்கோ நிறுவனத்துக்கோ போக வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மானிய ஒப்பந்தம் பாயும். ஏற்றுமதி செய்தால்தான் தருவேன், உள்நாட்டுச் சரக்கைப் பயன்படுத்தினால்தான் தருவேன் என்ற இரண்டு வகையும் தடை. மற்றவை இன்னொரு நாட்டுக்குப் பாதிப்பு என்று நிரூபித்தால் மட்டும் வழக்கு.

வேளாண்மைக்குத் தனிப் பெட்டிகள். விலையையும் விளைச்சலையும் தூண்டுபவை மஞ்சள் பெட்டி. தூண்டாதவை பச்சைப் பெட்டி, அதற்கு வரம்பில்லை. ஆராய்ச்சி, பயிற்சி, உற்பத்தியோடு தொடர்பில்லாத வருமான உதவி எல்லாம் பச்சை. பயிர் எதுவானாலும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும். சுற்றுச்சூழல் திட்டத்துக்கான தொகையும் பச்சைதான், ஆனால் அந்தத் திட்டத்தால் விவசாயிக்கு வரும் கூடுதல் செலவு அல்லது வருமான இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான் தரலாம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுங்கள்: யூரியா மூட்டைக்குத் தரும் தொகையின் ஒரு பகுதியை ஏக்கர் கணக்கில் விவசாயி கையில் கொடுத்தால் நம் ஊர்க் குத்தகைதாரர் நிலை என்ன ஆகும்? பட்டா ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. அங்கேதான் அந்த யோசனை தடுக்கி விழுகிறது.

கேள்வி: ஃபைபர் வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சின் வைத்துத் தொழில் செய்கிறோம். மானிய விலை மண்ணெண்ணெயை உலக ஒப்பந்தம் போட்டு நிறுத்தப்போகிறார்கள் என்கிறார்கள். சின்ன வள்ளக்காரன் என்ன செய்வான்?
– மீனவர், உவரி

அண்ணாச்சி, உங்கள் பயத்தில் பாதிக்குக் காரணம் இருக்கிறது, பாதிக்கு இல்லை.

2015-ல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14.6 என்பது, கடலை வற்ற அடிக்கும் மீன்பிடி மானியங்களை 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் மீன்வள மானிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். சட்டவிரோத, கணக்கில் வராத, ஒழுங்குமுறையற்ற மீன்பிடிப்புக்கு மானியம் கூடாது. அழிவு நிலைக்குப் போன மீன் இனங்களைப் பிடிக்க மானியம் கூடாது, அந்த இனத்தை மீட்கும் நடவடிக்கையோடு சேர்ந்ததென்றால் தரலாம். எந்த அமைப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலில் பிடிக்க மானியம் கூடாது. முதல் இரண்டிலும் வளரும் நாடுகளுக்கு, 200 கடல் மைலுக்குள், இரண்டு ஆண்டு அவகாசம். மண்ணெண்ணெய் மானியம் என்று பெயர் சொல்லித் தடுக்கும் வரி இதில் இல்லை.

பயப்பட வேண்டியது இரண்டாம் கட்டப் பேச்சுவார்த்தையைப் பற்றி. அளவுக்கு மீறிய படகும் அளவுக்கு மீறிய பிடிப்பும் உண்டாக்கும் மானியங்களைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். எரிபொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024-ல் அபுதாபியில் முடிவு எட்டவில்லை. கரையோரச் சிறு மீனவர்களுக்கு விலக்கு வேண்டும், வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தூரக்கடலில் பெருங்கப்பல் விடும் நாடுகள் முதலில் நிறுத்தட்டும் என்பது இந்தியாவின் நிலை. கடலைக் காலி செய்தவர்கள் யார் என்று பார்த்தால் இது சரியான நிலைதான். முதல் ஒப்பந்தத்துக்கும் ஒரு கெடு உண்டு: நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுக்குள் முழுமையான விதிகள் வராவிட்டால், உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலொழிய, அது காலாவதியாகும்.

உங்கள் கையில் இருப்பது காகிதம். விதிகளின் அச்சாணி 'சட்டவிரோதம்' என்ற ஒரே சொல்லில் சுழல்வதால், பதிவில்லாத வள்ளம்தான் முதலில் அடிபடும். வள்ளத்தின் பதிவு, உரிமம், எஞ்சின் ரசீது, மண்ணெண்ணெய் அட்டை நான்கும் ஒரே பெயரில் இருக்கட்டும். கைமாறிய வள்ளத்தைப் பழையவர் பெயரிலேயே ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். சுருக்குமடி வலையும் இரட்டைமடி வலையும் தமிழ்நாட்டுச் சட்டப்படி தடை. அவற்றோடு சேர்ந்து தொழில் செய்தால் மானியத்தைப் பறிக்கக் காரணம் நாமே கொடுத்ததாகும்.

சிங்கி இறாலைப் பாருங்கள். நம் பாறைக்கடலில் கிடைக்கும் சாதாரணச் சிங்கி 200 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2003-ல் இருந்தே விதி இருக்கிறது. மணி சிங்கிக்கு அது 500 கிராம். 150 கிராம் சிங்கியைக் கரையில் விற்றால் கிடைப்பது சில்லறை. அதை வலையில் இருந்து காலொடியாமல் பிரித்து, முட்டை கட்டியதையும் சேர்த்துக் கடலில் விட்டால், அடுத்த பருவத்தில் ஏற்றுமதி விலைக்கு வரும். ஒருவர் விட்டதை அடுத்தவர் பிடித்தால் என்ன பயன் என்பீர்கள். அதற்குத்தான் ஊர்க்கமிட்டி இருக்கிறது; நாள் கட்டுப்பாடு போடத் தெரிந்த கமிட்டிக்கு எடைக் கட்டுப்பாடு போடவும் முடியும்.

எண்ணெய்ச் செலவைப் பொறுத்தவரை, வள்ளத்தின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்தாலோ, புரொப்பெல்லர் இதழ் வளைந்திருந்தாலோ எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். முழு வேகத்தில் கடைசியாகக் கூட்டும் கொஞ்ச வேகத்துக்குத்தான் அதிக எண்ணெய் போகிறது. மீன் பிடிக்கப் போகும்போது முக்கால் வேகத்தில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஐரோப்பாவின் கார்பன் வரி நம் ஊர்ச் சரக்குக்கும் வருமா?
– வணிகர், தாழையூத்து

சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவின் அளவுக்கு வாங்கும் கட்டணம் அது. சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனால் மட்டும். 2023 அக்டோபர் முதல் கணக்குக் கொடுக்கும் கட்டம், 2026 ஜனவரி முதல் போகும் சரக்குக்குப் பணம் கட்டும் கட்டம். உள்நாட்டில் விற்கும் சிமெண்டுக்கும், வாழைக்காய்க்கும், பாய்க்கும் இது கிடையாது.

கேள்வி: கோரைப்பாய் நெய்யும் மகளிர் குழு நாங்கள். ஏற்றுமதிக்கு அரசு ஊக்கத்தொகை தருவதாகக் கேள்விப்பட்டோம். எப்படி வாங்குவது?
– பத்தமடை

முன்பு இருந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை அமெரிக்கா எதிர்த்தது. 2019 அக்டோபர் 31-ல் உலக வர்த்தக அமைப்பின் குழு, ஏற்றுமதியோடு கட்டிய அத்தகைய உதவிகள் தடைக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரி முதல் அதன் இடத்தில் 'ரோட்டெப்' வந்தது. இது பரிசு கிடையாது. ஏற்றுமதிச் சரக்கில் ஒளிந்திருக்கும் எரிபொருள் வரி, மின்சார வரி போன்றவற்றைத் திருப்பித் தருவது. கட்டிய வரிக்கு மேல் தராதவரை உலக விதிக்கு உட்பட்டது.

நேரடியாக ஏற்றுமதி செய்தால்தான் இது உங்களுக்கு. பான் எண்ணை வைத்து ஆன்லைனில் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான அடையாள எண்) எடுக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரத்தை உறுதிசெய்ய வேண்டும்; மாற்றம் இல்லையென்றாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் முடங்கும். வெளிநாட்டுப் பணம் வரும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடைச் சுங்கத் தளத்தில் பதிவுசெய்யுங்கள். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப, ஆண்டுதோறும் உறுதிமொழிக் கடிதம் பதிய வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம், ஏற்றுமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் கப்பல் பில். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் நேராக ரோட்டெப் வேண்டும் என்று குறித்திருக்க வேண்டும். முகவர் 'வேண்டாம்' என்று போட்டுவிட்டால், சரக்கு கிளம்பிய பிறகு சரிசெய்வது பெரும்பாடு. தூத்துக்குடியில் பில் தாக்கல் ஆகும் முன் அதன் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி நீங்களே பாருங்கள். தொகை பணமாக வராது. சுங்க வரி கட்டப் பயன்படும் மின்னணுச் சீட்டாக வரும். உங்களுக்கு இறக்குமதி இல்லையென்றால் வேறொருவருக்கு விற்றுக் காசாக்கலாம். வெளிநாட்டுப் பணம் கெடுவுக்குள் வராவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வியாபாரி வழியாகப் பாய் போகிறதென்றால் சீட்டு அவருக்கு. அப்படியானால் அதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய்க்குச் சாதாரணப் பாயின் விலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கூரையில் சூரிய மின்சாரம் போட நினைக்கிறோம். இந்தியப் பேனல் போட்டால்தான் மானியம் என்கிறார்கள். விலை கூடுதலாக இருக்கிறதே, இந்த நிபந்தனை உலக விதிக்குச் சரிதானா?
– பாளையங்கோட்டை வாசகர்

கூர்மையான கேள்வி. உள்நாட்டுச் சரக்கைக் கட்டாயப்படுத்தும் நிபந்தனையில் இந்தியா ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. தேசிய சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டு செல்லும், செல்களைச் சேர்த்துச் செய்யும் மாட்யூலும் (பேனல்) கட்டாயம் என்றதை எதிர்த்து 2013-ல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. அரசு வாங்குவது மின்சாரத்தை, பேனலை அல்ல. ஆகவே அரசுக் கொள்முதலுக்கான விலக்கு பொருந்தாது என்று 2016-ல் மேல்முறையீட்டிலும் முடிந்தது. பிறகு இந்தியா திருப்பித் தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் பல மாநிலங்களும் அதே தவறைச் செய்வதாக 2019-ல் தீர்ப்பு வந்தது. இன்றைய பி.எம். சூரிய கர் கூரைத் திட்டத்தின் நிபந்தனைக்கும் இதே கேள்வி எழலாம். எழுந்தாலும் அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. வீட்டுக்காரர் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கேட்க அந்த விதியில் வழி இல்லை.

நம் பக்கத்துக் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே டாடா பவர் குழுமத்தின் செல், மாட்யூல் ஆலை 2025-ல் திறக்கப்பட்டிருக்கிறது. செல்லும் இங்கே, மாட்யூலும் இங்கே தயாரானால்தான் மானியத்துக்கான பேனல். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே ஒட்டிய மாட்யூலும் 'இந்தியப் பேனல்' என்ற பெயரில் விற்கப்படும். அதற்கு மானியம் கிடையாது. ரசீதில் 'டி.சி.ஆர்.' (உள்நாட்டுச் சரக்கு நிபந்தனைக்கு உட்பட்டது) என்று எழுதி வாங்கி, ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் சான்றிதழில் இருக்கிறதா என்று கூரையில் ஏற்றும் முன் ஒப்பிடுங்கள்.

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஆனால் 78,000 என்று கேட்டதும் 3 கிலோவாட்டுக்குத் தாவ வேண்டாம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், சுமார் நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட். உங்கள் வீட்டு உபயோகம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், அதில் 100 ஏற்கெனவே இலவசம் என்றால் 1 கிலோவாட்டே போதும். ஓர் ஆண்டின் ஆறு பில்களையும் எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாரல் காலத்தில் கணவாய் வழியாக வரும் காற்று நம் கூரைகளை உலுக்கும். கம்பிச்சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும், வெறும் வெள்ளிப் பெயிண்ட் அடித்ததாக இருக்கக் கூடாது. சட்டத்தின் கால் வெறும் கான்கிரீட் கட்டையின் மேல் உட்காராமல் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, துளையைச் சுற்றி நீர்க்கசிவு அடைப்பான் பூசியிருக்க வேண்டும். மாலையில் தென்னை நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி குறையும். பேனல் வைக்கும் இடத்தைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் போய்ப் பார்த்துக் குறியுங்கள்.

விண்ணப்பம் பி.எம். சூரிய கர் தளத்தில், மின் இணைப்பு எண்ணோடு. இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்து, வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மானியம் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு, பதிவுபெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். பொருத்தி, இருவழி மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் உங்கள் கையில் இருந்துதான் போகும் என்பதால், கடன் வாங்குகிறவர்கள் அந்த இடைவெளிக்கான வட்டியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.